வட்டி இறங்கியும் தவணை இறங்காதது ஏன்?

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2021 ஏப்ரலில் 25 லட்சம் வீட்டுக் கடன் வாங்கினேன். 20 வருடம், 6.70 சதவீத வட்டி, மாதத் தவணை 18,935 ரூபாய். அடுத்த வருடமே வட்டியை ஏற்ற ஆரம்பித்து 9.20 வரை கொண்டுபோனார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்துவிட்டது என்று செய்தி வருகிறது. என் தவணை மட்டும் அதே 18,935. எங்கள் மனைப்பிரிவில் பல குடும்பங்களுக்கு இதே நிலைமை. எல்லோரும் சேர்ந்து தவணை கட்டுவதை நிறுத்திவிட்டுக் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வங்கி எங்களை ஏமாற்றுகிறதா ஐயா?"

வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல வருடம் வீட்டுக் கடன் கோப்புகளைப் புரட்டியிருக்கிறேன். அதனால் வங்கிக்காகப் பரிந்து பேசுவேன் என்று நினைக்க வேண்டாம். வட்டி ஏறியதில் உங்கள் வங்கி ஏமாற்றவில்லை. ஏறிய வட்டியை உங்கள் தலையில் எந்த வழியாக இறக்கியது என்பதில்தான் கோபப்பட நியாயம் இருக்கிறது.

உங்கள் கேள்வியையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வட்டி 6.70-லிருந்து 9.20 ஆனது என்கிறீர்கள். தவணை அன்றும் 18,935, இன்றும் 18,935. வட்டி ஏறியபோது ஏறாத தவணை, வட்டி இறங்கும்போது மட்டும் ஏன் இறங்க வேண்டும்? ஏறிய வட்டி உங்கள் கடன் காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. கிளையில் யாரோ உட்கார்ந்து முடிவு செய்ததுகூட இல்லை. வட்டி மாறினால் தவணையைத் தொடாதே, காலத்தை நீட்டு என்று கணினியில் முன்கூட்டியே பொருத்தி வைத்திருப்பார்கள்.

கணக்கைப் பார்ப்போம். எளிமைக்காக, நீங்கள் இரண்டு வருடம் தவணை கட்டி முடித்த அன்று மொத்த உயர்வும் ஒரே நாளில் வந்ததாக வைத்துக்கொள்ளலாம். அப்போது உங்கள் அசல் பாக்கி ஏறத்தாழ 23 லட்சத்து 73 ஆயிரம். 9.20 சதவீதத்தில் அதற்கு ஒரு மாத வட்டி மட்டும் 18,190 ரூபாய். நீங்கள் கட்டுவதோ 18,935. ஆக, அசலில் கழிவது 745 ரூபாய். இந்த வேகத்தில் கடன் தீர 424 மாதம், அதாவது 35 வருடத்துக்கு மேல் ஆகும். உங்களுக்கு மிச்சம் இருந்தது 216 மாதம்தான். கடன் வாங்கிய புதிதில், 25 லட்சமும் அப்படியே நிற்கும்போது இந்த உயர்வு வந்திருந்தால் மாத வட்டியே 19,167 ரூபாய் ஆகியிருக்கும். தவணை மொத்தத்தையும் கட்டினாலும் கடன் வளர்ந்துகொண்டுதான் போயிருக்கும்.

ரெப்போ வட்டி (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) 6.50 சதவீதத்திலும் உங்கள் வட்டி 9.20-லும் அசையாமல் நின்ற இரண்டு வருடத்தில் நீங்கள் கட்டியது நான்கரை லட்சம் ரூபாய்க்கு மேல். அதில் அசலுக்குப் போனது 20 ஆயிரத்தைக்கூடத் தொடாது. இரவு ஷிப்ட்டும் ஓவர்டைமும் பார்த்துச் சம்பாதித்த பணம். இதை முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் வேறு முடிவு எடுத்திருப்பார்கள். எந்தக் கிளையிலும் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து இந்த 745 ரூபாய்க் கணக்கைச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அன்றே தவணையை 22,515 ஆக உயர்த்தியிருந்தால் அதே 216 மாதத்தில் கடன் தீர்ந்திருக்கும். மொத்தம் கட்டியிருப்பது 48 லட்சத்து 63 ஆயிரம். தவணையை விட்டுவிட்டுக் காலத்தை நீட்டும் வழியில் கட்ட வேண்டியது 80 லட்சத்துக்கும் மேல். உண்மையில் 424 மாதம் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். வயதையும் அதிகபட்சக் கடன் காலத்தையும் பார்த்து ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து தவணையைத் தூக்குவார்கள். உங்கள் தவணை தூக்கப்படவில்லை என்றால் உங்கள் வயது இன்னும் இடம் கொடுக்கிறது என்று அர்த்தம்.

இப்போது வட்டி இறங்கிய கதைக்கு வருவோம். உங்கள் கடன் ரெப்போவோடு இணைந்தது என்றே எடுத்துக்கொள்கிறேன். 2021-இல் ரெப்போ 4 சதவீதம், அதற்கு மேல் வங்கியின் கூடுதல் 2.70; சேர்ந்தால் 6.70. 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரி வரை ஆறு படியாக ரெப்போ 6.50-க்குப் போனது. 2025 பிப்ரவரியில் இறங்கத் தொடங்கி, ஏப்ரலில் 6.00, ஜூனில் 5.50, டிசம்பரில் 5.25 ஆனது. உங்கள் கூடுதல் மாறவில்லை என்றால் இன்று உங்கள் வட்டி 7.95 ஆக இருக்க வேண்டும். அப்படி இருந்தால், இந்த இறக்கமும் நான்கு வருடம் கட்டி முடித்த அன்று ஒரே நாளில் வந்ததாக வைத்துக்கொண்டால், மேலே சொன்ன 424-இல் இரண்டு வருடம் போக உங்களுக்கு மீதமிருந்த 400 மாதம் 263 மாதமாகச் சுருங்கியிருக்கும். வங்கி குறைப்பைக் கொடுத்திருக்கிறது. அதையும் காலத்திலேயே கொடுத்திருக்கிறது. சந்தோஷப்படுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். நான்கு வருடம் கட்டியவருக்கு மிச்சம் இருக்க வேண்டியது 192 மாதம். வட்டி இவ்வளவு இறங்கிய பிறகும் 263 மாதம் பாக்கி இருக்கிறது. நான்கு வருடம் கட்டிவிட்டு, ஆரம்பித்த இடத்தையும் தாண்டிப் பின்னால் நிற்கிறீர்கள்.

வட்டியை ஏன் அவ்வளவு வேகமாக ஏற்றினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கோபம் போக வேண்டிய திசை தெரிய வேண்டும் என்பதற்காக. ரிசர்வ் வங்கி சில்லறைப் பணவீக்கத்தை 4 சதவீதத்தை ஒட்டி, மேலும் கீழும் 2 சதவீத இடைவெளிக்குள் வைத்திருக்கச் சட்டப்படி கடமைப்பட்டது. 2022 ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதம். உக்ரைன் போர், எண்ணெய் விலை எல்லாம் சேர்ந்த நேரம். அந்த வருடம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 சதவீதத்தைத் தாண்டியதால், ஏன் தவறினோம் என்று மத்திய அரசுக்கு ரிசர்வ் வங்கி விளக்கக் கடிதமே எழுத வேண்டி வந்தது. பிறகு ஏற்றுவதை நிறுத்தினாலும் உடனே இறக்கவில்லை. அதற்கு ஒரு முக்கியக் காரணம் உணவுப்பொருள் விலை. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறிப் பணவீக்கம் 7.44-க்குப் போனது நினைவிருக்கும். பாலக்கோடு, ராயக்கோட்டைச் சந்தைகளுக்குத் தக்காளி அனுப்பும் அப்பாவுக்கு அது நல்ல மாதம். ஓசூரில் வீட்டுக் கடன் கட்டும் மகனுக்கு ரெப்போ இறங்காத மாதம். ஒரே குடும்ப அட்டையில் இரண்டு பேரும் இருப்பார்கள். வட்டி ஏறினால் வைப்புத்தொகை வட்டியும் ஏறும் என்பதால், பணி ஓய்வுப் பணத்தை வங்கியில் போட்டிருக்கும் மாமனார் வேறு மகிழ்ச்சியாக இருந்திருப்பார்.

எனவே வட்டி ஏறியதற்காகக் கிளை மேலாளரின் மேசையைத் தட்டுவதில் பயனில்லை. அவருக்கு ரெப்போவில் கால் சதவீதத்தைக்கூட மாற்ற அதிகாரம் இல்லை. மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்.

அதற்காக மக்கள் வங்கிகளை நம்பாமல் இருப்பது வெறும் ஆத்திரம் என்றும் சொல்ல மாட்டேன். 2010 ஜூலையில் அடிப்படை வட்டி முறை வந்தது, 2016 ஏப்ரலில் எம்.சி.எல்.ஆர். என்ற நிதித்திரட்டுச் செலவு முறை வந்தது. இரண்டிலும் அளவுகோலை வங்கியே கணக்கிட்டுக்கொள்ளும். ஏறும்போது சீக்கிரம் ஏறும், இறங்கும்போது தயங்கித் தயங்கி இறங்கும் என்று கடன் வாங்கியவர்கள் புலம்பியபோது, விவரம் புரியாமல் பேசுகிறார்கள் என்று எங்களில் பலர் ஒதுக்கினார்கள். 2017-இல் ரிசர்வ் வங்கியின் உள் ஆய்வுக் குழுவே, வங்கிகள் இந்தக் கணக்கீட்டிலும் கூடுதல் விகிதத்திலும் தன்னிச்சையாக நடந்துகொண்டதைக் கண்டு, வெளி அளவுகோல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகுதான் 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டாயமாக இணைக்கப்பட்டன. புலம்பியவர்கள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

காலத்தை நீட்டும் விஷயத்திலும் அப்படித்தான். புகார்கள் குவிந்த பிறகு 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. உங்கள் மனைப்பிரிவில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது இதுதான். வட்டி மாறும்போது தவணையை உயர்த்திக்கொள்வதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா, அசலில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ முன்கூட்டிக் கட்டுவதா என்ற தேர்வு கடன் வாங்கியவருடையது. தவணையும் காலமும் மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும். காலத்தை நீட்டியதால் கடன் குறையாமல் வளரும் நிலை வரக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அறிக்கை தர வேண்டும். அதில் இதுவரை வசூலான அசல், வட்டி, தவணைத் தொகை, மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை, ஆண்டு வட்டி விகிதம் எல்லாம் எளிதாகப் புரியும்படி இருக்க வேண்டும். பழைய கடன்களுக்கும் 2023 டிசம்பர் 31-க்குள் இதை நடைமுறைப்படுத்தச் சொன்னார்கள். 'உங்கள் வட்டி விகிதம் மாற்றப்பட்டுள்ளது' என்று ஒரு வரி எஸ்.எம்.எஸ். மட்டும் வந்து, மற்ற விவரம் எதுவும் வரவில்லை என்றால், "என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்ற உங்கள் வாக்கியம் அந்தத் தேதிக்குப் பிறகு வெறும் மனக்குறை அல்ல, விதிமீறல் புகார்.

இனி செய்ய வேண்டியது. கிளைக்குப் போய் எழுத்து மூலமாகக் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். கடன் தொடங்கிய நாளிலிருந்து இன்று வரைக்குமான கணக்கு அறிக்கை, ஒவ்வொரு வட்டி மாற்றத்தின் தேதி, இன்றைய வட்டியில் அளவுகோல் எவ்வளவு, கூடுதல் எவ்வளவு, மீதமுள்ள தவணைகள் எத்தனை. மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கூடுதல் விகிதத்தை. ரெப்போ எல்லோருக்கும் ஒன்றுதான்; ஆளுக்கு ஆள் மாறுவது இதுதான். புதிய வாடிக்கையாளரை இழுக்கக் கூடுதலைக் குறைப்பார்கள், பழையவர் பழைய கூடுதலிலேயே கிடப்பார். எதிர்வீட்டுக்காரர் போன மாதம் 7.35-க்குக் கடன் வாங்கினார், எனக்கு ஏன் 7.95 என்று கேட்பவர்களின் கோபம் இங்கேதான் பிறக்கிறது. 23 லட்சத்து 53 ஆயிரம் பாக்கிக்கு இந்த 0.60 சதவீதம் என்பது வருடத்துக்கு 14 ஆயிரம் ரூபாய்க்கு மேல். கடன் வாங்கியவரின் தரம் கணிசமாக மாறினால் ஒழிய, அவருக்குரிய அபாயக் கூடுதலை வங்கி இடையில் ஏற்றக்கூடாது. கூடுதலின் மற்ற பகுதிகளை மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்று விதி இருந்தது. குறைத்துத் தாருங்கள் என்று கேட்டாலும் இந்த மூன்று வருடத்தைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். 2025 அக்டோபர் 1 முதல் அந்தச் சாக்கு செல்லாது. கடன் வாங்கியவருக்குச் சாதகமாகக் குறைப்பதென்றால் மூன்று வருடம் காத்திருக்கத் தேவையில்லை என்று ரிசர்வ் வங்கி தளர்த்திவிட்டது. குறைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, குறைக்கலாம். அதனால் சிபில் மதிப்பெண்ணையும் ஒழுங்காகக் கட்டிய வரலாற்றையும் வைத்துப் பேரம் பேசுங்கள். வேறு வங்கி தரும் விகிதத்தை எழுத்தில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் மேலாளர் காது கொடுப்பார்.

சரிப்படவில்லை என்றால் கடனை மாற்றிக்கொண்டு போகலாம். தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி முடிப்பதற்கு அபராதம் வாங்கக்கூடாது என்பது 2012 ஜூன் முதல் வங்கிகளுக்கு உள்ள விதி. ஆனால் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். பழைய அடமானத்துக்கு ரசீது போட்டு, புதிய வங்கிக்கு மறுபடியும் பத்திர ஒப்படைப்புப் பதிவு செய்ய வேண்டும்; சட்ட ஆலோசகர், மதிப்பீட்டாளர் கட்டணம், பரிசீலனைக் கட்டணம் தனி. கால் சதவீத வித்தியாசத்துக்காக இந்த அலைச்சல் வேண்டாம் என்பேன். அரை சதவீதத்துக்கு மேல் என்றால், பத்து வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய வங்கி பத்திரங்களைத் திருப்பித் தர இழுத்தடித்தால் அதற்கும் விதி இருக்கிறது: கடன் தீர்ந்த 30 நாளுக்குள் தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

எதற்கும் முன்னால் நான் செய்யச் சொல்வது தவணையை நீங்களே கேட்டு உயர்த்திக்கொள்வதைத்தான். 7.95 சதவீதத்தில் 192 மாதத்தில் முடிக்க 21,695 ரூபாய் தவணை போதும். இப்போது கட்டுவதைவிட 2,760 ரூபாய் அதிகம். 18,935-லேயே விட்டால் இனி மொத்தம் கட்டப்போவது 49 லட்சத்து 70 ஆயிரம்; உயர்த்தினால் 41 லட்சத்து 65 ஆயிரம். மாதம் 2,760 முடியாது என்றால், ஒருமுறை 3 லட்சத்தை அசலில் கட்டினாலும் இதே தவணையில் 192 மாதத்துக்குள் வந்துவிடும். மாந்தோப்புக் குத்தகைப் பணம், போனஸ், சீட்டு எடுத்த பணம் எது வந்தாலும் அசலுக்கு என்று எழுதிக் கொடுத்துக் கட்டுங்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் வரும் மாதத் தவணைகளுக்கு முன்பணமாக வைத்துவிடும் கிளைகளும் உண்டு.

அறிக்கையில் இன்னொன்றையும் தேடுங்கள். கடன் தொகையோடு ஒரே தவணை ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று. அந்தக் காப்பீடு எடுத்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எங்கும் சொல்லவில்லை. பல வீடுகளில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் 20 வருடம் அதற்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது வங்கிக் கடனுக்கு. உங்கள் மனைப்பிரிவில் சிலர் வீட்டு வசதி நிதி நிறுவனங்களில் வாங்கியிருப்பார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கிராமங்களில் இது அதிகம். நத்தம் இடம், தாய்ப்பத்திரத்தில் குறை, 2016-க்கு முன் வாங்கி இன்னும் வரன்முறைப்படுத்தாத மனை, ரொக்க வருமானம் என்று ஏதோ ஒன்றைச் சொல்லி வங்கி கைவிரித்துவிடும். நிதி நிறுவனம் அதே வாரத்தில் வீட்டு வாசலுக்கு வந்து கையெழுத்து வாங்கும். வெளி அளவுகோல் விதி அந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது. தங்கள் சொந்த அளவுகோலை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள், ரெப்போ 1.25 இறங்கினாலும் அதே அளவு இறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உண்மையான வலி அங்கேதான் இருக்கிறது, அங்கே கடன் வாங்கியவர்கள்தான் குறைவாகப் பேசுகிறார்கள். அவர்களுக்கான வழி, இரண்டு மூன்று வருடம் தவறாமல் கட்டிய வரலாற்றைக் காட்டி, பட்டாவையும் வரன்முறையையும் சரிசெய்துகொண்டு வங்கிக்கு மாறுவது. 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கை நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்பதால், காலம், தவணை பற்றிய கேள்விகளை அவர்களும் கேட்கலாம்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, விவரம் கேட்க 14448. வீட்டு வசதி நிதி நிறுவனம் என்றால் புகார் தேசிய வீட்டு வசதி வங்கிக்குப் போக வேண்டும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: வட்டி அதிகம் என்று எழுதினால், அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளிவிடுவார்கள். தேர்வு தரவில்லை, தெரிவிக்காமல் காலத்தை நீட்டினார்கள், காலாண்டு அறிக்கை தரவில்லை என்று தேதியோடு எழுதினால் தள்ள முடியாது.

தவணையை நிறுத்தும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். 90 நாள் கட்டாமல் போனால் கணக்கு வாராக் கடன். அதற்குப் பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அதற்கு மேல் வீட்டைக் கையகப்படுத்த நீதிமன்றத்துக்குக்கூடப் போக வேண்டியதில்லை. வீட்டைச் சுவாதீனம் எடுக்க உதவி கேட்டு வங்கி போய் நிற்கும் இடங்களில் ஒன்று, நீங்கள் மனுவோடு போக நினைக்கும் அதே மாவட்ட ஆட்சியர் அலுவலகம். நூறு பேர் சேர்ந்து நிறுத்தினாலும் நோட்டீஸ் தனித்தனியாகத்தான் வரும், சிபில் தனித்தனியாகத்தான் விழும். சிபில் விழுந்தால் மேலே சொன்ன பேரமும் இல்லை, கடன் மாற்றமும் இல்லை.

மனு கொடுப்பதில் தவறில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் அது மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் போகும். வட்டியைக் குறைக்க அவராலும் ஆட்சியராலும் முடியாது. ஆனால் 'எங்கள் மனைப்பிரிவில் இத்தனை பேருக்குக் காலாண்டு அறிக்கை வரவில்லை, தவணையா காலமா என்ற தேர்வு தரப்படவில்லை. சம்பந்தப்பட்ட கிளைகள் ஒரு நாள் முகாம் போட்டு ஒவ்வொருவர் கணக்கையும் காட்டி விளக்க வேண்டும்' என்று கேட்டால், அது அவரால் செய்து தர முடிந்த காரியம். மனுவோடு ஒவ்வொருவரும் கிளையில் முத்திரை வாங்கிய நகலையும் இணைத்துவிடுங்கள்.